வேலை பழக்கிய செலவு யார் கணக்கில்?

இந்த ஆண்டு மலருக்கு "இன்றைய வேலைவாய்ப்பும் அதற்குத் தேவையான திறன்களும்" என்று ஒரு கட்டுரை வேண்டும் என மலர்க் குழுவினர் கேட்டார்கள். இன்றைய நிலையைச் சொல்ல நம் சங்கத்திலேயே என்னைவிடத் தகுதியானவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் முப்பத்தோரு ஆண்டு ஒரு நூற்பாலையின் பணியாளர் பிரிவில் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்த்தவன் நான். 'திறன்' என்கிற இந்தச் சொல் நம் கோவை வட்டாரத்தில் எப்படியெல்லாம் வேஷம் மாறி வந்திருக்கிறது என்பதை ஓரளவு சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

எழுதத் தூண்டியது இன்னொரு விஷயமும்தான். சென்ற கூட்டத்தில் தொழில் நடத்தும் நண்பர்கள் பலரும் ஒரே குரலில், "வர்ற பசங்களுக்கு ஒண்ணுமே தெரியறதில்லீங்க" என்று அலுத்துக்கொண்டார்கள். அதே மண்டபத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த இறுதியாண்டு மாணவர் ஒருவர், "உள்ள விட்டாத்தானுங்க சார் தெரியும்?" என்று மெல்லக் கேட்டார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. இது புது வழக்கும் அல்ல. நூறாண்டுக்கு முன்பிருந்தே இங்கே நடந்துகொண்டிருக்கிறது. நோண்டிப் பார்த்தால் அது திறன் பற்றிய வழக்கே இல்லை. ஒருவனுக்கு வேலை பழக்குகிற செலவை யார் ஏற்பது என்பதுதான் வழக்கு.

1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் முதல் நூற்பாலையைத் தொடங்கியபோது இங்கே மில் வேலை தெரிந்தவர் யாரும் இல்லை. இருக்கவும் முடியாது. மானாவாரிக் காட்டிலிருந்து வந்தவர்களுக்குச் சோளமும் பருத்தியும் தெரியும், யந்திரம் தெரியாது. ஆகவே ஆளை எடுத்து, உள்ளே விட்டு, பழக்குவதைத் தவிர வேறு வழியில்லை. 1932இல் பைக்காரா மின் நிலையம் ஓடத் தொடங்கி, மலிவான மின்சாரம் நீலகிரியிலிருந்து கீழே இறங்கியதும், மில்கள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. பீளமேடு, சிங்காநல்லூர், உப்பிலிபாளையம் என்று ஊரே சங்குச் சத்தத்துக்கு எழுந்து, சங்குச் சத்தத்துக்குத் தூங்கியது.

அந்த மில்களில் பயிற்சி நடந்த விதம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது. மாமனோ சித்தப்பனோ ஏற்கெனவே உள்ளே இருப்பார். அவர் மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொல்வார். பையன் பதிலியாக உள்ளே வருவான், அதாவது நிரந்தர ஆள் வராத நாளில் மட்டும் வேலை. வாசலில் காத்து நின்று, பெயர் கூப்பிட்டால் உண்டு, இல்லாவிட்டால் வீடு. உள்ளே போனதும் ஓடுகிற ரிங் பிரேமில் அறுந்த இழையைக் கண நேரத்தில் பிணைக்கப் பழக வேண்டும். அதைச் சொல்லித்தர வாத்தியார் இல்லை. பக்கத்தில் நிற்கிற சைடரின் விரலைப் பார்த்துப் பார்த்துத்தான் வரும். படிப்பு கேட்டதில்லை. கேட்டதெல்லாம் கண் கூர்மை, கை வேகம், பிறகு "யாரு பையன்?" என்ற ஒரே கேள்வி. இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாதவனுக்கு வாசலே திறக்காது என்பதையும் சேர்த்துத்தான் அந்தக் காலத்தைப் பாராட்ட வேண்டும்.

இதற்கு அடுத்த படியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரின் தனித்தன்மை அங்கேதான் இருக்கிறது. பீளமேட்டில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு புதல்வர்கள் சொத்தைப் பிரித்தபோது ஐந்து பங்காகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு தர்மத்துக்கு. 1926இல் பி.எஸ்.ஜி. அறநிலையம் இப்படித்தான் பிறந்தது. இது பலருக்கும் தெரிந்த கதை. பலரும் கவனிக்காதது, அந்த அறநிலையம் ஆரம்ப நாளிலேயே எடுத்துக்கொண்ட வேலைகளில் ஒன்று தொழிற்பயிற்சிக் கூடம் என்பதுதான். அதுவும் கரும்பலகைப் பயிற்சி அல்ல. பம்ப்பும் மோட்டாரும் அங்கேயே தயாராகி விற்பனைக்குப் போகும், மாணவன் அந்தத் தயாரிப்பில் நின்றே கற்றுக்கொள்வான். விற்பனையாகிற சரக்கில் கை வைத்துப் பழகுகிறவனுக்கு ஒரு பயம் இருக்கும். அளவு தப்பினால் சரக்கு திரும்பி வரும். அந்தப் பயத்தை எந்தத் தேர்வு மதிப்பெண்ணும் கொடுக்காது.

ஜி.டி.நாயுடுவைச் சொல்லாமல் இந்த வரலாறு நகராது. பள்ளிப்படிப்பை முடிக்காதவர். 1920இல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்ட ஆரம்பித்தவர். 1937இல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின் மோட்டாரை இங்கேயே செய்து காட்டியவர். 1945இல் அவர் முயற்சியில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழிற்கல்லூரி எழுந்தது. இன்றைக்கு நாம் ஜி.சி.டி. என்று சொல்கிற அரசுத் தொழில்நுட்பக் கல்லூரிக்கு அதுதான் மூலம். அதன் முதல்வராக இருந்தபோது, பொறியியலுக்கு நான்கு ஆண்டு எதற்கு, இரண்டு ஆண்டே போதும், மீதி வீண் என்று வாதாடினார். அரசு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் விலகிவிட்டார். அந்த வாதம் முழுக்கச் சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் படிப்பில் கழிகிற ஒவ்வோர் ஆண்டும் யாரோ ஒரு தகப்பனின் பணம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பட்டம் நீள நீள, பழக்குகிற செலவு பட்டறையிலிருந்து வீட்டுக்கு மாறுகிறது என்ற கணக்கு அதில் அடங்கியிருக்கிறது.

கிணற்றில் நீர் இறங்க இறங்க நம் வட்டாரத்தில் பம்ப்செட் தேவை ஏறியது. கணபதி, ஆவாரம்பாளையம் பக்கமெல்லாம் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் வந்தன. அங்கே ஒரு பையன் முதலில் செய்யும் வேலை டீ வாங்கி வருவது. பிறகு பிசிர் தட்டுவது. பிறகு மண் சலிப்பது, அச்சு போடுவது. நாலைந்து ஆண்டு கழித்து லேத்தில் நிற்க விடுவார்கள். "லேத்துல நிக்கறான்" என்றால் அந்தக் காலத்தில் பெண் கொடுக்கத் தகுதி. அப்படி நின்று பழகியவர்களில் பலர் பின்னாளில் சொந்தமாக ஒரு லேத் வாங்கிப் போட்டு, ஜாப் ஒர்க் எடுத்து, முதலாளியானார்கள். நம் சங்கத்தில் இருக்கும் பல குடும்பங்களின் கதை இதுதான். ஆனால் அந்த நாலைந்து ஆண்டும் பையனுக்குக் கிடைத்தது கைச்செலவுக் காசுதான். முதலாளி பழக்கினார், உண்மை. அதற்கான விலையில் பாதியைப் பையன் தன் இளமையில் கட்டினான் என்பதும் உண்மை.

நாடு விடுதலை பெற்ற பிறகு இந்தச் செலவில் அரசு பங்குக்கு வந்தது. 1951இல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, 1956இல் சி.ஐ.டி., அதே ஆண்டில் பஞ்சாலைகளுக்கான ஆராய்ச்சி நிலையமான சிட்ரா, ஊருக்கு ஊர் ஐ.டி.ஐ. என்று வரிசையாக வந்தன. 1961இல் அப்ரண்டிஸ் சட்டம் வந்தது. குறிப்பிட்ட தொழில்களில் முதலாளி பயிற்சியாளர்களை எடுத்தே ஆக வேண்டும், உதவித்தொகை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டமே சொன்னது. 1973இல் பட்டதாரிகளும் பட்டயதாரிகளும் அதில் சேர்க்கப்பட்டார்கள்.

நிற்க. இதுவரை சொன்னதெல்லாம் கையால் வேலை செய்கிறவர்களின் கதை. நம்மைப் போன்ற கலைக்கல்லூரிப் பட்டதாரிகளின் கதை வேறு மாதிரி.

பி.காம்., பி.ஏ. முடித்தவனுக்கு யாரும் எதையும் பழக்கித் தரவில்லை. அவன் தானே போய்ச் சேர்ந்த இடம் தட்டச்சுப் பயிலகம். காலை ஆறு மணிக்கே மாடிப்படியில் டக்டக் சத்தம் கேட்கும். ரெமிங்டன், ஃபேசிட் மெஷின்கள், எழுத்து தேய்ந்த விசைகள், ஏ எஸ் டி எஃப் என்று ஒரு மாதம். ஆங்கிலத்தில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல். நாம் பேச்சில் லோயர், ஹையர் என்போம். சுருக்கெழுத்தில் இளநிலைக்கு 80, முதுநிலைக்கு 120. தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்துகிற தேர்வுக்குப் பயிலகத்து மெஷின்களையே வண்டியில் ஏற்றித் தேர்வு மையத்துக்குக் கொண்டுபோவார்கள். கூடவே பயிலகத்து ஆசிரியரும் ஒரு கையில் ரிப்பன், ஒரு கையில் எண்ணெய்க் குப்பியோடு வருவார்.

நான் பணியாளர் பிரிவில் சேர்ந்த புதிதில் வந்த விண்ணப்பங்களில் பட்டத்தைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது 'ஆங்கிலம் ஹையர், தமிழ் ஹையர்' என்பதுதான். எங்கள் மேலாளரும் பட்டச் சான்றிதழைப் புரட்டமாட்டார். "என்ன ஸ்பீடு?" என்பார், ஒரு காகிதத்தை நீட்டுவார், பிழை எண்ணுவார். அதோடு நேர்முகம் முடிந்தது. மூன்றாண்டுக் கல்லூரிப் படிப்பை அரை மணி நேரத் தட்டச்சு ஜெயித்த காலம் அது. பெண்கள் அலுவலக வேலைக்குப் பெருமளவில் வந்ததற்கும் அந்த மாடிப்படிக்கும் சம்பந்தம் உண்டு. மேஸ்திரி சிபாரிசு இல்லாத வீட்டுப் பெண்ணுக்கும் 45 சொல் வேகம் ஒரு கதவைத் திறந்தது.

மறுபக்கம் வேலைவாய்ப்பு அலுவலகம். காலியிடங்களைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1959இல் வந்து, 1960இல் நடைமுறையானது. அரசு நிறுவனங்களோடு, 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் அறிவிக்க வேண்டியிருந்தது. அறிவிக்கத்தான் வேண்டும், அங்கிருந்தே எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் எத்தனை மில் வேலைகள் புகுந்து போயின என்பது எங்கள் பிரிவில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அட்டையைப் பதிந்துவிட்டு, மூன்றாண்டுக்கொரு முறை புதுப்பித்துக்கொண்டு, சீனியாரிட்டி வரும் வரும் என்று காத்திருந்தவர்களின் தலைமுறை நாங்கள். 1996இல் உச்ச நீதிமன்றம், வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலோடு நிறுத்தாமல் பத்திரிகையிலும் விளம்பரம் செய்து ஆள் எடுக்க வேண்டும் என்று சொன்னது. அத்தோடு அட்டையின் மவுசு குறைந்தது. காத்திருந்த ஆண்டுகளுக்கும் ஒரு விலை உண்டல்லவா? அதையும் வீடுதான் கட்டியது.

எண்பதுகளில் நம் கிழக்கே திருப்பூர் விழித்துக்கொண்டது. உள்நாட்டு பனியன் ஊர் ஏற்றுமதி ஊராக மாறியது. 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் வந்தது. அங்கே பழக்கும் முறை பழைய மில் முறையேதான், ஆனால் பல மடங்கு வேகத்தில். கைமடி என்று உள்ளே வருகிற பிள்ளை, கண் பார்த்து ஓவர்லாக் பழகி, பவர் டேபிளில் உட்கார்ந்து பீஸ் ரேட்டில் சம்பாதித்தது. யார் பையன் என்ற கேள்வி அங்கே குறைவு, எத்தனை பீஸ் என்ற கேள்விதான். நம் கல்லூரிப் பட்டதாரிக்கும் அங்கே ஒரு புது நாற்காலி விழுந்தது: மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுப் பையரின் கடிதத்துக்கு ஆங்கிலத்தில் பதில் எழுத வேண்டும், நூல் விலை முதல் பட்டன் வரை காஸ்டிங் போட வேண்டும், சாம்பிள் தள்ளுபடியானால் இரவோடு இரவாக டையிங் யூனிட்டுக்கு ஓட வேண்டும். எந்தக் கல்லூரியும் அப்போது இதைப் பாடமாக வைத்திருக்கவில்லை. இலக்கணப் பிழையோடு எழுதினாலும் சொன்ன தேதியில் சரக்கை ஏற்றுகிறவன் நிலைத்தான்.

1984ஆம் ஆண்டைத் திருப்புமுனை என்பேன். எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்த ஆண்டு. கோவையில் குமரகுரு, பெருந்துறையில் கொங்கு என்று அந்த ஆண்டிலேயே கல்லூரிகள் எழுந்தன. நல்ல கல்லூரிகள், நல்ல மாணவர்களை உருவாக்கியவை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. பின்னாளில் மாநிலத்தில் பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியது. ஐந்தாவது பங்கில் நடந்த பயிற்சி, இப்போது வீட்டுப் பங்கில், சில வீடுகளில் காட்டை விற்ற பணத்தில் நடக்க ஆரம்பித்தது. கூடவே தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர்கள். தட்டச்சுப் பயிலகம் இருந்த அதே மாடியில் டாஸ், லோட்டஸ், பிறகு டேலி, பிறகு சி, ஜாவா. மெஷின் மாறியது, மாடிப்படி மாறவில்லை.

அதே ஆண்டுகளில் மில்கள் நொடிந்தன. பதிலி முறை ஒழிந்ததே என்று சந்தோஷப்பட முடியவில்லை. பயிற்சி என்ற சொல்லுக்கே கெட்ட பெயர் வந்ததும் அப்போதுதான். 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் தென்மாவட்டத்து இளம்பெண்களை 'அப்ரண்டிஸ்' என்று சேர்த்து, விடுதியில் வைத்து, மூன்றாண்டு முடிவில் ஒரு தொகை தருவதாகச் சொல்லி வேலை வாங்கின பல நூற்பாலைகள். இழை பிணைக்க மூன்றாண்டுப் பயிற்சி எதற்கு? சில மாதத்தில் வந்துவிடும் வேலை. மீதிக் காலம் முழுக்கக் குறைந்த கூலிக்கு இன்னொரு பெயர். மூன்றாண்டு முடியும் முன் உடம்புக்கு முடியாமல் திரும்பிப் போனவர்களுக்கு அந்தத் தொகையும் கைக்கு வராமல் போனதுண்டு. முதலாளி பழக்குகிறார் என்றாலே தர்மம் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பிறகு ஐ.டி. வந்தது. சென்னையில் டைடல் பார்க் 2000இல் திறக்கப்பட்டது. பத்தாண்டுக்குள் நம் ஊரிலும் அந்தக் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. அந்த நிறுவனங்கள் தொடக்கத்தில் செய்தது என்ன என்று பாருங்கள். சிவில் படித்தவர், மெக்கானிக்கல் படித்தவர் எல்லோரையும் எடுத்து, சம்பளம் கொடுத்து, மாதக்கணக்கில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்ஃபோசிஸ் மைசூரில் ஒரு பல்கலைக்கழகம் போலவே பயிற்சி வளாகம் கட்டியது. 1888இல் மில் செய்ததைத்தான் குளிரூட்டிய அறையில் செய்தார்கள்: ஆளை எடு, பிறகு பழக்கு. 2005இல் நாஸ்காமும் மெக்கின்ஸியும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. இந்தியப் பொறியியல் பட்டதாரிகளில் நான்கில் ஒருவர்தான் பன்னாட்டு நிறுவன வேலைக்கு ஏற்றவர் என்றது அது. 'எம்ப்ளாயபிலிட்டி' என்ற சொல் நம் கல்லூரி வராந்தாக்களுக்குள் நுழைந்தது அதன் பிறகுதான். குறை மாணவனிடம் இருக்கிறது என்று ஒருமுறை தீர்ப்பாகிவிட்டால், சரிசெய்யும் செலவும் மாணவனுடையது ஆகிவிடுகிறது. இப்போது பல நிறுவனங்கள் கடைசி செமஸ்டரிலேயே பயிற்சியை முடித்துக்கொண்டு வரச் சொல்கின்றன. ஆப்டிட்யூட் வகுப்பு, கம்யூனிகேஷன் வகுப்பு, கோடிங் வகுப்பு எல்லாவற்றுக்கும் தனித்தனி ரசீது.

மாணவர்கள் மனம் தளர வேண்டாம். அரசு மறுபடியும் பங்குக்கு வந்திருக்கிறது. 2022 மார்ச் 1ஆம் தேதி தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் கல்லூரி நேரத்திலேயே, தனிக் கட்டணம் இல்லாமல் திறன் வகுப்புகள் நடக்கின்றன. ஆனால் வகுப்பறையில் கற்றுத்தர முடியாத பகுதி ஒன்று இருக்கிறது. சி.என்.சி. மெஷினுக்கு புரோகிராம் எழுத வகுப்பில் கற்கலாம். டூல் உடையப்போகிற சத்தத்தைக் காதால் பிடிக்க மெஷின் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் படிவத்தைத் திரையில் காட்டலாம். சப்ளையர் பில்லை ஏற்றாததால் நம் வரவு தொங்கி நிற்கும்போது அவரிடம் என்ன பேசுவது என்பது அக்கவுண்ட்ஸ் மேஜையில்தான் தெரியும். கணபதியில் வார்ப்படச் சாலை நடத்தும் என் வகுப்புத் தோழர் ஒருவர் சொல்வார்: "எனக்குத் தெரிஞ்சவன் வேண்டாமுங்க. தெரியலைன்னு சொல்லிக் கேக்கறவன் வேணும்." அவர் இதுவரை ஒரு பட்டதாரிப் பயிற்சியாளரைக்கூட எடுத்ததில்லை என்பதையும் அவரிடமே சொல்லியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே, "ஃபாரம் கீரம்னு யாருங்க அலையறது?" என்றார்.

அலையத் தேவையில்லை என்பதால் அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். அப்ரண்டிஸ் விதிகள் 2019இல் திருத்தப்பட்டன. 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பயிற்சியாளர்களை எடுப்பது கட்டாயம். 4 பேர் இருந்தாலே விருப்பப்பட்டு எடுக்கலாம். 2014 திருத்தத்துக்குப் பிறகு பொறியியல் படித்தவர்கள் மட்டுமல்ல, நம் பி.காம்., பி.ஏ., பி.எஸ்ஸி. பிள்ளைகளும் இதில் வரலாம். பட்டதாரிக்கான குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. பதிவெல்லாம் இணையத்திலேயே முடிகிறது.

சங்கச் செயலாளரிடம் கேட்டுக்கொண்டதன் பேரில், விழா அன்று காலை பதிவு மேஜையில் அடையாள அட்டை கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நீளமான கணக்கு நோட்டு இருக்கும். நிறுவனத்தின் பெயர், எந்தப் பிரிவு, எத்தனை பேர், எந்த மாதத்திலிருந்து என்று நான்கு கட்டம்தான். வணிகவியல் துறையும் கணினித் துறையும் இறுதியாண்டு மாணவர் பட்டியலோடு மதியம் இரண்டு மணிக்கு அதே மேஜைக்கு வருகின்றன. கணபதிக்காரர் பெயரை முதல் வரியில் நானே எழுதிவிட்டேன். கையெழுத்து மட்டும் அவர் வந்து போட வேண்டும்.